முகராசி வேண்டாம், கைராசி போதும்: குமுளி எல்லையில் ஒரு பெயர் வளரும் கதை

(திரையில்: லோயர் கேம்ப், பென்னிகுயிக் மணிமண்டபம், காலை வெளிச்சம்)

வணக்கம். 1911ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இறந்துபோன ஒரு பொறியாளருக்குத் தேனி மாவட்டத்துப் பாலார்பட்டியில் இன்றும் பொங்கல் வைக்கிறார்கள். அவர் பிறந்த நாள் ஜனவரி 15. தைப்பொங்கலோடு அவர் பொங்கலும் சேர்ந்து பொங்குகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கு பென்னிகுயிக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தேனி புதிய பஸ் நிலையத்துக்கும் அவர் பெயர்தான்.

ஒரு பெயர் இத்தனை காலம் எப்படி நிற்கிறது? இது புரிந்துவிட்டால், பர்சனல் பிராண்ட் வளர்க்கக் கற்றுத்தருகிறோம் என்று பணம் வாங்கும் வகுப்புகளில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. கடைசிவரை பாருங்கள்.

பிராண்ட் என்ற சொல் எரிப்பதைக் குறிக்கும் பழைய வேரிலிருந்து வந்தது. யாருடைய மாடு என்று தெரிவதற்காக இரும்பைக் காய்ச்சிப் போட்ட சூடு. வரலாறு இவ்வளவு போதும்.

நம்மிடம் இதைவிடக் கூர்மையான இரண்டு சொற்கள் இருக்கின்றன: முகராசி, கைராசி. முகராசிக்காரரைப் பார்த்ததும் பிடித்துவிடும். கைராசிக்காரரிடம் நம் காரியத்தையே ஒப்படைப்போம். கைராசியான டாக்டர் என்கிறோம், கைராசியான கொத்தனார் என்கிறோம். அந்தப் பட்டத்தை யாரும் தனக்குத் தானே சூட்டிக்கொள்ள முடியாது. பலனடைந்தவர்கள் சொல்ல வேண்டும். இணையத்தில் இன்று பிராண்ட் என்ற பெயரில் விற்பது பெரும்பாலும் முகராசி. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

(திரையில்: அணையின் வரைபடம்)

பென்னிகுயிக் முன்னின்று கட்டிய முல்லைப் பெரியாறு அணை இது. மேற்கே அரபிக்கடலுக்குப் போன பெரியாற்றை மலையில் மறித்து, சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பி வைகையில் சேர்த்தார்கள். 1887இல் தொடங்கிய வேலை 1895இல் முடிந்தது. மலேரியாவில் மாண்ட தொழிலாளர்கள் ஏராளம். அவர்கள் பெயரைச் சொல்லிப் பொங்கல் வைக்க ஆளில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். அந்தத் தண்ணீர் தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களுக்குப் போகிறது. மடை திறக்கும்போதெல்லாம் அந்தப் பெயர் ஞாபகத்துக்கு வருகிறது.

சரி, நாம் எல்லோரும் அணை கட்ட முடியுமா? வேண்டியதில்லை. குமுளிக்கு வாருங்கள்.

(திரையில்: ஏலத்தோட்டத்துக்கு மலையேறும் ஜீப்புகள்)

கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியற்காலையில் ஜீப் ஏறி, இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறவர்களில் என் அம்மாவும் ஒருவர். மலைமேலேயே குடியிருக்கும் தமிழர்களும் உண்டு. அவர்களுக்கு வருமானச் சான்றிதழ், ரேஷன் அட்டை எல்லாம் கேரளத்தில்தான். படிவங்கள் மலையாளத்தில் இருக்கும்.

குமுளியில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் இதற்காகவே சின்னச் சின்ன வீடியோக்கள் போடுகிறார். அவர் முகம் ஒரு தடவைகூட வந்ததில்லை. ஒரு கை, ஒரு நீலப் பேனா, ஒரு படிவம். அவ்வளவுதான் காட்சி. முதல் வீடியோ ஒரே ஒரு சொல்லைப் பற்றியது: ‘ஒப்பு’. மலையாளத்தில் அதற்குக் கையெழுத்து என்று பொருள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த நம் ஆட்கள், ‘ஒப்புக்கொள்கிறீர்களா’ என்று கேட்கிறார்கள் போலிருக்கிறது என எண்ணி, அந்த இடத்தில் ‘ஆம்’ என்று எழுதிவிடுவார்கள்! ‘அபேக்ஷ’ என்றால் விண்ணப்பம். ‘ஜனனத்தீயதி’ என்றால் பிறந்த தேதி. தேதி அங்கே தீயதி ஆகிவிடுகிறது. ‘பேர்’, ‘வயஸ்ஸு’, ‘தொழில்’ ஆகியவற்றில் நமக்குச் சிக்கலே இல்லை. பாதி படிவம் நமக்கு ஏற்கெனவே தெரியும் என்று அவர் சொல்லும்போது, பயந்து உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இரண்டு மொழிகளும் அக்கா தங்கைகள் என்று மேடையில் முழங்குவதைவிட இது எவ்வளவு பெரிய காரியம்!

ஒருமுறை அவர் ஒரு கட்டத்தைத் தவறாக நிரப்பிக் காட்டிவிட்டார். வீடியோவைச் சத்தமில்லாமல் நீக்கிவிடவில்லை. எந்த வரி தவறு, அதை எழுதியவர்கள் இப்போது என்ன செய்ய வேண்டும் என்று மறுநாளே இன்னொரு வீடியோ போட்டார். வட்டிக்குக் கடன் தருகிறவர்கள் விளம்பரம் கேட்டு வந்தபோது மறுத்தார். வாரத்தவணையில் தவிக்கும் பெண்கள்தான் தன்னைப் பார்க்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். விளம்பரப் பணம் அவருக்கும் தேவையாகத்தான் இருந்தது. இருந்தும் மறுத்தார். இதை இந்த வீடியோவிலேயே முக்கியமான செய்தியாக நான் நினைக்கிறேன்.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால், லோகோவும் நிறமும் பிறகு. உங்கள் தெருவில் யார் எதற்காகத் திரும்பத் திரும்ப அலைகிறார்கள் என்று ஒரு மாதம் கவனியுங்கள். அதில் உங்களுக்குக் கைவந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரிடம் அனுப்பிவையுங்கள்.

(திரையில்: ஒரு பழைய பட்டன் போன்)

போன வாரம் அம்மாவின் போனில் அந்தப் பெண்ணின் எண்ணைத் தேடினேன். அவர் பெயரில் இல்லை. அவர் பெயர் என்னவென்றே அம்மாவுக்குத் தெரியவில்லை. “ஒப்புப் பிள்ளை என்று போட்டுப் பார்” என்றார். வந்தது.

உங்கள் போனில் இப்படி, செய்து கொடுத்த வேலையின் பெயரால் யார் பதிவாகியிருக்கிறார்கள்? எந்த ஊர், என்ன வேலை என்று கீழே எழுதுங்கள். நான் ஒவ்வொன்றையும் படிப்பேன்.