பதிவு எண் வரும்வரை பெயருக்குக் கீழே என்ன போடலாம்?

அடுத்த கேள்வி தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அம்மா அனுப்பியது. "என் மகள் நான்கு வருட பி.சைக் (உளவியல் பட்ட) படிப்பையும் 720 மணி நேரப் பயிற்சியையும் முடித்துவிட்டாள். போர்டு பரீட்சையும் எழுதியாயிற்று. பதிவு எண்தான் வரவில்லை. கோயிலில் நடக்கப்போகும் மருத்துவ முகாமுக்கு நோட்டீஸ் அடிக்கிறார்கள். அவள் பெயருக்குக் கீழே 'ரெஜிஸ்டர்ட் கவுன்சலர்' என்று போடலாமா?"

வேண்டாம் அம்மா. பரீட்சையில் தேறிவிட்டாள் என்று தெரிந்தாலும் போடக் கூடாது. எச்.பி.சி.எஸ்.ஏ. என்கிற தென்னாப்பிரிக்கச் சுகாதாரத் தொழில்கள் மன்றத்தின் பதிவேட்டில் அவள் பெயர் ஏறிய பிறகுதான் அந்தப் பட்டப்பெயர் அவளுடையது. 1974ஆம் ஆண்டின் சுகாதாரத் தொழில்கள் சட்டப்படி, பதிவு இல்லாமல் தொழில் செய்வது குற்றம். அபராதமோ சிறையோ கிடைக்கலாம். அதனால் முகாமில் அவள் தனியாக உட்கார்ந்து ஆட்களைப் பார்க்கவும் கூடாது. மன அழுத்தம் பற்றிப் பொதுவாகப் பத்து நிமிடம் பேசட்டும், அதில் தவறில்லை.

'பதிவுக்குக் காத்திருப்பவர்' என்று சேர்த்துக்கொண்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். நோட்டீஸில் பெரிய எழுத்தைத்தானே எல்லோரும் படிக்கிறார்கள்? கீழே பொடி எழுத்தில் இருப்பது யார் கண்ணில் படும்? பட்டம் வாங்கிவிட்டாள் என்றால் பெயருக்குப் பின்னால் 'பி.சைக்' என்று மட்டும் போடுங்கள். அது அவள் படித்துச் சம்பாதித்தது. பயிற்சிக் காலத்தில் இருப்பவர்கள் 'மாணவர்' என்ற சொல்லை விடக் கூடாது. அதே மாதிரி, முதுகலை முடித்து 12 மாதப் பயிற்சியில் இருப்பவர் 'இன்டர்ன் சைக்காலஜிஸ்ட்'. முன்னால் இருக்கும் 'இன்டர்ன்' விழுந்துவிட்டால் அது பொய்யாகிவிடும்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை தமிழ் நோட்டீஸ்தான். ஆங்கிலத்தில் சரியாக எழுதிவிட்டு, தமிழில் மரியாதைக்காக 'மனநல மருத்துவர்' என்று போட்டுவிடுகிறார்கள். மனநல மருத்துவர் என்றால் சைக்கியாட்ரிஸ்ட். மருத்துவம் படித்து, அதற்கு மேல் சிறப்புப் பயிற்சி பெற்று, மாத்திரை எழுதித் தருபவர். சைக்காலஜிஸ்டுக்கே இங்கே மாத்திரை எழுத அனுமதி இல்லை. அந்த நோட்டீஸைப் படித்துவிட்டு ஒரு பாட்டி தன் மாத்திரைப் பையோடு வந்து, "இதை நிறுத்தலாமா கண்ணு?" என்று உங்கள் மகளிடம் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? பாட்டி நம்பி வீட்டுக்குப் போய் நிறுத்திவிட்டால்? சைக்காலஜிஸ்டுக்கு 'உளவியலாளர்', பதிவு முடிந்தவருக்குப் 'பதிவு பெற்ற மனநல ஆலோசகர்' என்று எழுதுங்கள்.

அப்புறம், எச்.பி.சி.எஸ்.ஏ. இணையதளத்தில் ஐ-ரெஜிஸ்டர் என்று ஒன்று இருக்கிறது. பெயரைப் போட்டு யார் வேண்டுமானாலும் தேடலாம். மகளின் பெயர் அதில் வந்த அன்றைக்கு அச்சகத்துக்குப் போன் செய்யுங்கள். இந்த முகாமுக்குள் வராவிட்டால் அடுத்த முகாமுக்குப் போட்டுக்கொள்ளலாம்.