வேரில் கை வைப்பதற்கு முன்
(பென்னாகரம் பக்கத்து ஊர் ஒன்றில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் நிற்பவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள், பாய் காலியாகத்தான் கிடக்கிறது. ஆளுக்கு ஓர் இலை வரும். கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருங்கள். இப்போதைக்கு வாயில் போட வேண்டாம்.

அதோ, அண்ணன் போட்டுவிட்டார். அண்ணே, என்ன இலை என்று கேட்டீர்களா? பயப்படாதீர்கள், விஷமில்லை. ஆனால் காட்டிலும் கொல்லையிலும் மூலிகை, கீரை, கிழங்கு எடுப்பதைப் பற்றி நான் பேச வந்ததில் பாதியை நீங்களே காட்டிக்கொடுத்துவிட்டீர்கள். மூலிகை என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், நமக்கு வாய் தானாகத் திறந்துகொள்கிறது.

மழை பெய்ததும் வேலியோரத்தில் செங்காந்தள் ஏறும். நம் மாநில மலர், பூத்துவிட்டால் யாருக்கும் தெரியும். பூக்காத நாளில்தான் சிக்கல். அதன் கிழங்கு கலப்பை மாதிரி வளைந்திருக்கும், கலப்பைக் கிழங்கு என்றே பெயர். ஏதோ வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று உயிரை விட்டவர்கள் உண்டு. அதிலிருக்கும் கொல்கிசின் என்ற நஞ்சு அவித்தாலும் போகாது. இலையின் நுனி சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா? தோண்டாதீர்கள். பெயரை மட்டும் நம்பவும் கூடாது, நம் பக்கத்தில் மலைக்கு மலை பெயர் மாறும். இலை, காய், வாசனை எல்லாம் ஒத்துப்போக வேண்டும். கீழாநெல்லி என்றால் இலைகளுக்குக் கீழே காய் வரிசை கட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் அது வேறு செடி.

சரி, செடி எது என்று தெரிந்துவிட்டது. அப்புறம் எதைப் பறிக்கிறோம்?

அம்மா கேழ்வரகுக் கொல்லைக்குப் போனால் மடி நிறையக் கீரையோடு வருவார். பண்ணைக்கீரை, குமிட்டிக்கீரை, தொய்யக்கீரை, இன்னும் இரண்டு மூன்று. எல்லாம் சேர்த்து மத்தால் கடைந்தால் களிக்கு வேறெதுவும் வேண்டாம். அம்மா ஒரு செடியையும் பிடுங்க மாட்டார். கட்டைவிரல் நகத்தால் நுனியை மட்டும் கிள்ளுவார். நாலு நாள் கழித்துப் பார்த்தால் கிள்ளிய இடத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் துளிர் விட்டிருக்கும். இன்றைக்கும் அதே கீரைகள் முளைக்கின்றன. ஆனால் களைக்கொல்லி அடித்த கொல்லையா என்று கேட்காமல் பறிக்க முடியாது. செடிக்குள் இறங்கிய மருந்தைக் கழுவி எடுக்க முடியாது. ஓசூர் பெருவழிச் சாலை ஓரத்துக் கீரையையும் சாக்கடையோரத்துக் கீரையையும் விட்டுவிடுங்கள்.

இலை பறித்தால் செடி துளிர்க்கும். வேரைத் தோண்டினால்? இதில் நானே குற்றவாளி. பதினேழு வயதில் கூட்டாளி ஒருவனோடு கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு மாகாளிக்கிழங்கு தோண்டப் போனேன். பாறை இடுக்கில் விரல் விரலாக இறங்கியிருந்தது. உடைத்தால் அப்படி ஒரு மணம். ஒரு துண்டு விடாமல் தோண்டிவிட்டோம், அம்மா ஊறுகாய் போட்டார். மறு வருடம் நாக்கு ஊறப் போனால் அங்கே வெறும் குழிதான் இருந்தது. பிறகு போனபோது குழியும் தெரியவில்லை, உண்ணிச்செடி மூடிவிட்டது.

அந்தக் குழியைப் பற்றிச் சொன்னதும் இருளர் பெரியவர் ஒருவர் சிரித்தார். "ரெண்டு வேரு எடுத்துட்டு மிச்சத்த விட்டு, மண்ணத் தள்ளி மிதிச்சிட்டு வரணும் சாமி" என்றார். காட்டு வள்ளி தோண்டினாலும் கிழங்கின் தலைப் பகுதியைக் கொடியோடு அறுத்து அதே குழியில் வைத்து மூடுவாராம். அடுத்த வருடம் அங்கேயேதானே வர வேண்டும் அவர்? நான் வருகிறவனில்லை, அதனால்தான் அப்படித் தோண்டினேன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் தருமபுரி மாவட்டத்திலும் கிருஷ்ணகிரியிலும் காவிரியை ஒட்டிய காட்டில் பெரும்பகுதி சரணாலயம். காவிரி வடக்கு 2014இல் வந்தது, காவிரி தெற்கு 2022இல். அங்கே அனுமதியில்லாமல் செடியில் கை வைக்கக் கூடாது. கிழங்கு, தேன், மூலிகை போன்ற சிறு வன மகசூல் சேகரிக்கும் உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பழங்குடிகளுக்கும் தலைமுறைகளாகக் காட்டை நம்பி வாழ்பவர்களுக்கும் கொடுத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காரில் போகிற நமக்கு இல்லை. அதே சமயம், வேரைத் தோண்டுகிறவரை மட்டும் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பச்சை வேர் காய்ந்தால் எடை பாதிக்கும் கீழே போய்விடும். எடைக்குத்தான் காசு என்றால் அவர் இரண்டு வேரோடு எப்படி நிறுத்துவார்? அந்த வேரில் செய்த சர்பத் குடிக்கும் நாமும் அந்தக் கணக்கில் இருக்கிறோம்.

வீட்டில் வளர்வதற்கு மலை ஏற வேண்டாம். பிரண்டையில் ஒரு கணுவை ஒடித்து நட்டால் வரும். தூதுவளைக்கு வேலி போதும். உங்கள் கையில் இருக்கும் இலையும் என் வீட்டு வேலியில் பறித்ததுதான், சிறுகுறிஞ்சான். சர்க்கரைக்கொல்லி என்றும் சொல்வோம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைப் பொடியாக்கித் தின்னக் கூடாது, சர்க்கரை அளவு மிகவும் இறங்கிவிடலாம்.

இப்போது பாதி இலையை மென்று நாக்கில் நன்றாகப் பரப்பித் துப்பிவிடுங்கள். மாத்திரை போடுகிறவர்கள் வேடிக்கை மட்டும் பாருங்கள். ஆயிற்றா? இந்தாருங்கள் வெல்லம், கடியுங்கள். எங்கே போனது இனிப்பு? மண் மாதிரி இருக்கிறதல்லவா? முன்னாலேயே தின்ற அண்ணன் சிரிக்கிறார் பாருங்கள். இனிப்பு திரும்ப அரை மணி நேரமாவது ஆகும். வெளியே டீ வந்திருக்கிறது. சர்க்கரை போடவில்லை என்று டீக்காரரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள்.