கொழுப்பு இருக்கும் இடமும் அது சுரக்கும் ஹார்மோனும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

உடற்கொழுப்பை உபரி ஆற்றலின் வெறும் சேமிப்பாகவே மருத்துவ உலகம் நெடுங்காலம் கருதி வந்தது. 1994ஆம் ஆண்டு ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் லெப்டின் என்னும் ஹார்மோனின் மரபணுவைக் கண்டறிந்த பிறகு, கொழுப்புத் திசுவும் தைராய்டைப் போல, சினைப்பையைப் போல ஒரு நாளமில்லாச் சுரப்பிதான் என்பது உறுதியாயிற்று. ஆனால் எல்லாக் கொழுப்பும் ஒன்றுபோலச் சுரப்பதில்லை. பெண்களின் உடல்நலத்தைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாட்டை அறிவது இன்றியமையாதது என்பதே என் கருத்து.

தோலுக்கடியில், குறிப்பாக இடுப்பிலும் தொடையிலும் படியும் கொழுப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். வயிற்றறைக்குள் இருக்கும் கொழுப்பைவிட இது லெப்டினை மிகுதியாகச் சுரக்கிறது. பெண்களிடம் தோலடிக் கொழுப்பே பெரும்பங்கு என்பதால், ஒரே அளவு கொழுப்புடைய ஆணைக் காட்டிலும் பெண்ணின் இரத்தத்தில் லெப்டின் அதிகமாகவே காணப்படும். இந்த லெப்டின் பசியைக் கட்டுப்படுத்துவதோடு நின்றுவிடுவதில்லை. கருத்தரிக்கப் போதுமான ஆற்றல் உடலில் கையிருப்பு உண்டு என்ற செய்தியை மூளையின் ஹைப்போதலாமஸுக்கு அது கொண்டு செல்கிறது. கடும் பயிற்சி செய்யும் ஓட்டப்பந்தய வீராங்கனைகளுக்கும், அளவுக்கு மீறி உணவைக் குறைக்கும் இளம்பெண்களுக்கும் மாதவிடாய் நின்றுபோவதற்கு, இச்செய்தி மெலிந்துபோவது ஒரு முக்கியக் காரணம்.

குடலையும் கல்லீரலையும் சூழ்ந்திருக்கும் உள்ளுறுப்புக் கொழுப்பின் போக்கு வேறு. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-6 போன்ற பொருள்களை இது கூடுதலாக வெளியிடுகிறது. இதில் பெரும்பகுதியிலிருந்து வரும் இரத்தம் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலை அடைகிறது. இக்கொழுப்பு பெருகும்போது, இன்சுலினுக்குத் துணை நிற்கும் அடிப்போனெக்டின் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் குறைகிறது. எனவே, எடைத் தராசில் ஒரே எண்ணைக் காட்டும் இரு பெண்களில் ஒருவருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுந்தும் மற்றவருக்குக் குறைந்தும் இருக்கக்கூடும்.

இதற்குச் சான்றாக 2004ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வைச் சொல்லியாக வேண்டும். உடற்பருமன் கொண்ட 15 பெண்களின் வயிற்றுத் தோலடியிலிருந்து சுமார் 10 கிலோ கொழுப்பு உறிஞ்சி எடுக்கப்பட்டது. சில வாரங்களுக்குப் பின் சோதித்தபோது அவர்களின் இன்சுலின் செயல்திறனிலோ இரத்த அழுத்தத்திலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் இல்லை. உள்ளுறுப்புக் கொழுப்பு அந்தச் சிகிச்சையில் தொடப்படவே இல்லை என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். கொழுப்பை உறிஞ்சி எடுத்தால் நீரிழிவு அகன்றுவிடும் என்று நம்பிப் பணம் செலவழிக்கும் பெண்களை எண்ணும்போது, இம்முடிவு இன்னும் பரவலாகத் தெரிந்திருக்கலாகாதா என்று மனம் வருந்துகிறது.

மாதவிடாய் முற்றாக நின்ற பிறகு நிலைமை மாறுகிறது. ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் குறைவதால், இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு இனி வயிற்றுக்குள் சேரத் தலைப்படுகிறது. அதே வேளையில், சினைப்பை ஓய்ந்தபின் ஈஸ்ட்ரோஜனுக்கு முதன்மை ஊற்றாக விளங்குவதும் கொழுப்புத் திசுதான். அதிலுள்ள அரோமட்டேஸ் என்னும் நொதி, அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஆண்ட்ரோஜன் என்னும் ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனின் ஒரு வகையான ஈஸ்ட்ரோனாக மாற்றுகிறது. உடற்கொழுப்பு மிகுந்தால் இந்த உற்பத்தியும் மிகும். அதைச் சமன்செய்யும் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் அந்த வயதில் போதிய அளவு சுரப்பதில்லை. அதனால் கருப்பையின் உட்படலம் தடிக்கிறது. அப்படலத்தில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பும் உயர்கிறது. ஆகவே, மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்த எந்தப் பெண்ணுக்கும் ஒரு துளி இரத்தக்கசிவு தென்பட்டாலும், அதை வயதின் இயல்பென்று ஒதுக்கிவிடாமல் உடனே மகப்பேறு மற்றும் மகளிர் நல மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று தாய்மார்களையும் அவர்தம் பிள்ளைகளையும் கேட்டுக்கொள்கிறேன்.