தாதாவும் ஐந்தாம் படையும்

நேயர்களுக்கு வணக்கம்.

நியூயார்க் நகரின் பிராட்வே பகுதியில் சூதாட்டத்தையும் பந்தயத்தையும் கையில் வைத்திருக்கும் தாதா ஒருவன், தான் தினமும் உண்ணும் சீஸ்கேக் வரவில்லை என்று உணவகத்தில் எரிச்சல்படுகிறான். அவனுக்கு மில்லர் என்னும் ஜெர்மானியக் கிழவர் சுட்ட கேக்தான் வேண்டும். வேறு கடைச் சரக்கை வாயில் வைக்க மாட்டான். அந்த மில்லரைக் காணவில்லை. தாதாவின் தாயார் மகனை அழைத்து, தன் மனத்துக்கு ஏதோ சரியாகப் படவில்லை, போய்ப் பார் என்று நச்சரிக்கிறார். அவனும் போகிறான், ரொட்டிக்கடையின் அடித்தளத்தில் கிழவர் பிணமாகக் கிடக்கிறார். 1942 ஜனவரியில் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட ‘ஆல் த்ரூ தி நைட்’ என்ற படம் இப்படித்தான் நாஜி உளவாளிகளிடம் போய்ச் சேருகிறது. தாதா ‘குளோவ்ஸ்’ டொனஹியூவாக நடித்தவர் ஹம்ஃப்ரி போகார்ட். இயக்கியவர் வின்சென்ட் ஷெர்மன்.

படம் திரைக்கு வந்தபோது அமெரிக்கா போரில் இறங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஆனால் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட 1941 டிசம்பர் 7-ஆம் நாளுக்கு முன்பே படப்பிடிப்பு முடிந்துவிட்டது என்பதை மறந்துவிட்டுப் பார்த்தால் இந்தப் படம் பாதிதான் புரியும். இது போர்க்காலப் படம் என்று பட்டியல்களில் இடம்பெற்றாலும், உண்மையில் போருக்குள் நுழையலாமா வேண்டாமா என்று ஒரு நாடு தயங்கிக்கொண்டிருந்த மாதங்களில் எடுக்கப்பட்ட படம். 1941 செப்டம்பரில் அமெரிக்க செனட்டின் துணைக்குழு ஒன்று, ஹாலிவுட் முதலாளிகள் நாட்டைப் போருக்குள் இழுக்கப் படமெடுக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டை விசாரித்தது. அந்தக் குற்றச்சாட்டை முன்னின்று பேசியவர் செனட்டர் ஜெரால்ட் நை. வார்னர் பிரதர்ஸ் தலைவர் ஹாரி வார்னர் நேரில் சென்று, தம் நிறுவனம் உலகில் நடப்பதைத்தான் காட்டுகிறது என்று வாதாடினார். பேர்ல் துறைமுகத்துக்குப் பிறகு அந்த விசாரணையைத் தொடர யாருக்கும் மனமில்லாமல் போயிற்று.

இந்தப் பின்னணியில் குளோவ்ஸைப் பாருங்கள். படத்தின் தொடக்கத்தில் அவனுடைய ஆட்கள் உணவக மேசையைச் சுற்றி அமர்ந்து, பிரிட்டன் எப்படிப் போரிட வேண்டும் என்று தங்களுக்குள் வியூகம் வகுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவனோ அதில் காது கொடுப்பதே இல்லை; அதெல்லாம் வாஷிங்டனில் இருப்பவர்களின் கவலை. ஆக, அவன் வெறும் தாதா அல்லன். செய்தித்தாளைத் திறந்ததும் போர்ச் செய்திகளைத் தாண்டி நேராக விளையாட்டுப் பக்கத்துக்குச் செல்லும் கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் பிரதிநிதி. அப்படிப்பட்டவனை ஐரோப்பாவின் துயரத்தைச் சொல்லி அசைக்க முடியாது என்று கதாசிரியர்கள் சரியாகவே கணித்தார்கள். அவன் தட்டிலிருந்த கேக்கைப் பறித்தார்கள். அவன் தெருவிலிருந்த கிழவரைக் கொன்றார்கள். எத்தனை கொள்கை விளக்கங்களாலும் நகராதவனை அது நகர்த்துகிறது.

கதையின் நடுவில் ஒரு குறிப்பு வருகிறது. இரவு விடுதி ஒன்றில் சுடப்பட்ட ஒருவன் பேச முடியாமல், சாகும் தறுவாயில் ஐந்து விரல்களை விரித்துக் காட்டுகிறான். அதன் பொருள் குளோவ்ஸுக்கு உடனே விளங்கவில்லை. தமிழ் நேயர்கள் அவனைவிட வேகமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன், ஏனெனில் அந்தச் சொல் இன்றும் நம் அரசியல் மேடைகளில் உயிரோடு இருக்கிறது: ஐந்தாம் படை. 1936-இல் ஸ்பானிய உள்நாட்டுப் போரின்போது, மாட்ரிட் நகரை நோக்கி நான்கு படைகள் முன்னேறுகின்றன, ஐந்தாவது படை நகரத்துக்குள்ளேயே இருக்கிறது என்று பிராங்கோ தரப்புத் தளபதி மோலா சொன்னதாகக் கூறப்படுவதிலிருந்து பிறந்த தொடர் அது. ‘உட்பகை’ என்ற அழகான பழஞ்சொல் நம்மிடம் இருந்தும், போர்க்காலத்துச் செய்தித்தாள்கள் கொண்டுவந்த இந்தப் புதுத்தொடரே நம் வழக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

உட்பகை என்பது அன்றைய நியூயார்க்கில் கற்பனையும் அல்ல. 1939 பிப்ரவரி 20 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஜெர்மன் அமெரிக்கப் பண்டு என்ற நாஜி ஆதரவு அமைப்பு நடத்திய கூட்டத்துக்கு ஏறத்தாழ 20,000 பேர் திரண்டார்கள். ஜார்ஜ் வாஷிங்டனின் மாபெரும் உருவப்படத்தின் இரு புறமும் சுவஸ்திகக் கொடிகள் தொங்கின. அதைவிடச் சுவையான செய்தி, டைம்ஸ் சதுக்கத்தையொட்டிய 42-ஆம் தெருவில் நடந்தது. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்கக் குடிமகனான வில்லியம் சீபோல்ட் என்பவரை நாஜி உளவுத்துறை மிரட்டி வேலைக்கு அனுப்பியது. அவரோ அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத்துறையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவருக்காக அங்கே ஓர் அலுவலகம் அமைக்கப்பட்டது. ஒரு புறம் கண்ணாடியாகவும் மறு புறம் சாளரமாகவும் இருந்த தடுப்புக்குப் பின்னால் படக்கருவியை வைத்துக்கொண்டு, சீபோல்டைச் சந்திக்க வந்த உளவாளிகளை அதிகாரிகள் படம் பிடித்தார்கள். டுகேன் உளவுக்கும்பல் என்று பெயர்பெற்ற அந்த 33 பேரும் 1941-இல் கைதாகி, டிசம்பர் மாதத்துக்குள் அனைவரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. உண்மையான நாஜி உளவாளிகள் குளோவ்ஸ் டொனஹியூவின் பேட்டையிலேயே கேமரா முன்னால் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள்; ஹாலிவுட் ஒன்றும் அதிகமாகக் கற்பனை செய்துவிடவில்லை.

படத்தில் உளவாளிகளின் திரை ஓர் ஏலக்கடை. பழம்பொருள்களை ஏலம் விடும் எப்பிங் என்ற கனவான்தான் தலைவர். துறைமுகத்தில் நிற்கும் போர்க்கப்பலைத் தகர்ப்பது அவர் திட்டம். குளோவ்ஸ் அவரிடம் பிடிபடும் காட்சிக்காகவே இந்தப் படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எப்பிங் அவனை அடிப்பதில்லை, கூட்டுச்சேர அழைக்கிறார். நீ செயல்வீரன், வேண்டியதை எடுத்துக்கொள்பவன், நாங்களும் அப்படித்தான். ஜனநாயகத்தை நீ மதிப்பதில்லை, நாங்களும் மதிப்பதில்லை. பிறகு ஏன் நாம் எதிரெதிரே நிற்க வேண்டும் என்கிறார். கேள்வி நியாயமானது. ஒரு தெருவைத் தன் பிடியில் வைத்திருப்பவனுக்கும் ஒரு கண்டத்தைப் பிடிக்க நினைப்பவனுக்கும் அளவில்தானே வேறுபாடு?

இந்த இடத்தில் நாட்டுப்பற்று வசனம் ஒன்றை எழுதித் தள்ளியிருக்கலாம். எழுதவில்லை. தான் வாக்குரிமை பெற்ற நாள் முதல் ஜனநாயகக் கட்சிக்காரனாகப் பதிவு செய்திருப்பவன் என்று தொடங்குகிறான் குளோவ்ஸ். முதல்தரக் குடிமகன் இல்லை என்றாலும் வரி கட்டுகிறேன், போக்குவரத்து விளக்குக்கு நிற்கிறேன், காவலர்கள் நடத்தும் நடன விழாவுக்குத் தவறாமல் 24 டிக்கெட்டுகள் வாங்குகிறேன், அப்பாவி ரொட்டிக்காரர்களைக் கொல்லும் கூட்டத்தில் என்னைச் சேர்க்காதே என்கிறான். ஜனநாயகம் என்ற தத்துவத்தைப் பற்றிக் கேட்டால், ஜனநாயகக் கட்சியின் வாக்காளர் பட்டியலைக் காட்டுகிறான். அந்தச் சொல்விளையாட்டு தமிழிலும் அப்படியே நிற்பது நமக்குக் கிடைத்த வாய்ப்பு. காவலர்களுக்கு அவன் டிக்கெட் வாங்குவது கொடையா கையூட்டா என்று சிரித்துக்கொண்டே யோசிக்கும்போதுதான், அவன் அந்த ஊரோடு எத்தனை முடிச்சுகளால் கட்டப்பட்டிருக்கிறான் என்பது தெரிகிறது. அவன் ஊரைச் சுரண்டுகிறான். ஆனால் ஊருக்குள் இருந்து சுரண்டுகிறான். பின்னர் தன் எதிரிக் கும்பலைத் துணைக்கு அழைக்கும்போதும், எப்போது எழ வேண்டும், எதை உண்ண வேண்டும், எந்தச் செய்தித்தாளைப் படிக்க வேண்டும் என்றெல்லாம் அவர்கள் கட்டளையிடுவார்கள் என்றுதான் எச்சரிக்கிறான். ஆணைக்கு அடங்காத ரவுடிகளுக்கு இதைவிடப் பொருத்தமான பாசிச எதிர்ப்பு விளக்கம் இருக்க முடியாது.

எப்பிங்காக நடித்த கான்ராட் வைட் பெர்லினில் பிறந்தவர். ஜெர்மன் மௌனப்படக் காலத்தின் பெரும் நட்சத்திரம். மனைவி யூதர். 1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும், இனத்தைக் குறிப்பிடச் சொன்ன படிவத்தில், தாம் யூதர் அல்லாதபோதும் ‘யூதர்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு மனைவியோடு வெளியேறியதாக அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவருடைய கையாளாக வரும் பீட்டர் லோரி, அதே ஆண்டில் பெர்லினை விட்டு ஓடிய யூத நடிகர். தந்தை டாகாவ் வதைமுகாமில் இருப்பதால் உளவாளிகளுக்குப் பணிந்து நடக்கும் பாடகியாக நடித்த காரன் வெர்னும் பெர்லினில் பிறந்து, 1938-இல் நாட்டை விட்டு வந்தவர். எவரிடமிருந்து தப்பி வந்தார்களோ அவர்களாகவே வேடமிட்டுப் பிழைக்க வேண்டியிருந்தது. வைட் அந்த வேடத்துக்குள் எவ்விதக் கேலியையும் கலக்கவில்லை. சுற்றிலும் எல்லாரும் நகைச்சுவைப் படத்தில் நடித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் வேறொரு படத்தில் இருப்பதுபோல் அமைதியாகப் பேசுகிறார். அந்த அமைதியே நம்மை அச்சுறுத்துகிறது. 1943 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸில் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் இறந்தார். போரின் முடிவை அவர் பார்க்கவில்லை.

படத்தின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். குளோவ்ஸின் கறுப்பினப் பணியாளரைச் சிரிப்புப் பொருளாக்கும் காட்சிகள் இன்று பார்க்கச் சங்கடமாக இருக்கின்றன. காவல்துறை, கதாநாயகனைத் தவறாகத் துரத்துவதைத் தவிர வேறு எதற்கும் பயன்படவில்லை. உளவாளிகளின் இரகசியக் கூட்டத்தில் வெடிமருந்து நிபுணனாக நடித்து, பொருளே இல்லாத சொற்களைக் கோத்து குளோவ்ஸ் ஆற்றும் உரை மட்டும் எத்தனை முறை பார்த்தாலும் சிரிக்க வைக்கிறது.

படம் வெளியான சில வாரங்களில், 1942 பிப்ரவரி 9 அன்று, நியூயார்க் துறைமுகத்தில் படைவீரர்களை ஏற்றிச் செல்வதற்காக மாற்றியமைக்கப்பட்டுக்கொண்டிருந்த ‘நார்மண்டி’ என்ற பெருங்கப்பல் தீப்பிடித்து, மறுநாள் அதிகாலையில் கவிழ்ந்தது. வெல்டிங் பொறியால் நேர்ந்த விபத்து என்று விசாரணையில் தெரிந்தது. ஆனால் சதி என்ற அச்சம் கடற்படையை விடவில்லை. துறைமுகத்தைக் கண்காணிக்க அதிகாரிகள் நாடியது யாரை என்று நினைக்கிறீர்கள்? ஃபுல்டன் மீன்சந்தையைத் தன் கைக்குள் வைத்திருந்த ஜோசப் லான்சா என்ற தாதாவை. அவர் வழியாக, சிறையில் இருந்த மாஃபியா தலைவர் லக்கி லூசியானோவை. குளோவ்ஸைப் போல எவரும் சீஸ்கேக்குக்காக இறங்கவில்லை; லூசியானோவுக்கு 30 முதல் 50 ஆண்டுகள் வரையிலான தண்டனை இருந்தது. 1946 ஜனவரியில் அது குறைக்கப்பட்டு, அடுத்த மாதமே அவர் இத்தாலிக்கு நாடு கடத்தப்பட்டார்.

குறைத்தவர் நியூயார்க் ஆளுநர் தாமஸ் டூயி. 1936-இல் அரசு வழக்கறிஞராக நின்று லூசியானோவைச் சிறைக்கு அனுப்பியவரும் அவரேதான். அந்த வழக்கைத் தழுவி வார்னர் நிறுவனம் மறு ஆண்டே ஒரு படம் எடுத்தது. அதில் டூயியின் சாயலில் அமைந்த அரசு வழக்கறிஞராக நடித்தவர், நம்முடைய குளோவ்ஸ் டொனஹியூ, ஹம்ஃப்ரி போகார்ட்.

வணக்கம்.