வெற்றுக்கோதும் சூரியக் கொடியும்

அவையோருக்கு வணக்கம்.

எங்கள் வீட்டுச் சாமியறையில் ஒரு பித்தளைக் குடுவை இருந்தது. அம்மம்மா அதில் செவ்வரத்தம் பூ வைப்பார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலைசெய்த அம்மப்பா கொண்டுவந்தது. உண்மையில் அது எறிகணையின் வெற்றுக்கோது. கவிழ்த்துப் பார்த்தால் அடியில் வட்டமாக எழுத்தும் எண்ணும் வெட்டியிருக்கும். செய்த இடமும் ஆண்டும் அதில்தான் இருந்திருக்கும். நாங்கள் வாசிக்கவில்லை. 1978 சூறாவளியில் கூரை பறந்தது. தகரம் வாங்க அந்தக் கோதையும் நிறுத்து விற்றோம்.

லண்டனில் போர் அருங்காட்சியகத்தை 1917-இலேயே, சண்டை முடியுமுன்னே தொடங்கிவிட்டார்கள். இப்படிப்பட்ட கோதுகள் அங்கே உண்டு. முதலாம் உலகப் போரில் சிப்பாய்கள் கோதுக்குள் தாரையோ ஈயத்தையோ உருக்கி ஊற்றுவார்கள். இறுகியதும் வெளியே தட்டித் தட்டிப் பூவும் இலையும் எடுப்பார்கள். உள்ளே வெறுமையாக இருந்தால் தகடு நெளிந்துவிடும்.

அது சரி, கையால் செய்த பொருள். ஜப்பானியச் சூரியக் கொடியின் கதை வேறு. போருக்குப் போகிற மகனுக்கு உறவினரும் அயலவரும் சிவப்பு வட்டத்தைச் சுற்றித் தங்கள் பெயரை எழுதிக் கொடுப்பார்கள். அவன் அதை மடித்து உடம்போடு வைத்திருப்பான். அவன் விழுந்த பிறகு எதிர்ப்படைச் சிப்பாய் அதை எடுத்துத் தன் ஊருக்குக் கொண்டுபோவான். அப்புறம் அலுமாரி, அதற்கப்புறம் அருங்காட்சியகம். கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே, அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவர் பெயர் இருக்கும். யார் சட்டைக்குள் இருந்தது என்பது பல இடங்களில் இருக்காது. எனக்கு அது பொறுக்கவில்லை. அந்தப் பெயர்களைப் பிடித்துக்கொண்டே குடும்பத்தைத் தேடிக் கொடிகளைத் திருப்பிக் கொடுக்கிறது அமெரிக்காவிலுள்ள ஓபோன் சங்கம். எலும்புகூட வந்துசேராத வீடுகளுக்கு அந்தத் துணிதான் வருகிறது.

நமது மட்டக்களப்புக் கடலிலும் ஒன்று கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டுபோட்டு மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல். 307 பேர் இறந்தார்கள். சுழியோடிகள் இப்போதும் அங்கே இறங்குகிறார்கள். அங்கிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்துவருவதும் இறந்தவன் சட்டைக்குள்ளிருந்து கொடியை எடுத்ததும் எனக்கு ஒன்றுதான்.

உங்கள் வீட்டில் பழைய கோதோ பதக்கமோ தொப்பியோ இருந்தால் இன்றிரவே எடுத்துப் பாருங்கள். யார் கொண்டுவந்தார், எங்கிருந்து, யாரிடமிருந்து என்று வீட்டிலுள்ள முதியவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி அதோடு கட்டிவையுங்கள். அம்மப்பா எந்தக் கப்பலிலிருந்து அந்தக் கோதை எடுத்தார் என்று கேட்க எங்கள் வீட்டில் இப்போது ஒருவரும் இல்லை.