அகாரியா உலையில் இரும்பு உருகுமா?

சரி, அடுத்த கேள்வி. போன முறை மத்திய இந்தியாவின் மைக்கல் மலையில், களிமண் உலையில் தாதுவிலிருந்து இரும்பு எடுத்துவந்த அகாரியா பழங்குடி மக்களைப் பற்றிப் பேசினேன் அல்லவா? அதற்கு ஒருவர் எழுதியிருக்கிறார்: “இரும்பு உருக 1538 டிகிரி சூடு வேண்டும். மரக்கரி போட்ட சின்னக் களிமண் உலையில் எப்படி உருகும்? கதை விடாதீர்கள்.” இரண்டு நாளாக இதே நினைப்புதான் எனக்கு. அவர் சொல்வது சரி. உருகாது.

உருகவே வேண்டாம், அதுதான் விஷயம். பால் திரிந்தால் துணியில் கட்டிப் பிழிகிறோம். தண்ணீர் போய்விடும், கட்டி நிற்கும். இங்கேயும் அப்படித்தான். கரியிலிருந்து எழும் வாயு தாதுவின் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். 1200 டிகிரி வாக்கில் கசடு உருகிக் கிட்டமாக வழியும். இரும்பு மட்டும் ஓட்டை ஓட்டையாக, பஞ்சு மாதிரி உள்ளேயே தங்கும். அதைக் குறடால் இழுத்துப் போட்டு, சூடு ஆறுவதற்குள் சம்மட்டியால் அடித்தால் மிச்சக் கிட்டமும் பிதுங்கும். அந்த அடியும் பிழிவதுதான். திரிந்த பாலை மறந்துவிடாதீர்கள்.

அந்தச் சூட்டுக்குக் காற்று வேண்டுமே? அதற்குக் கால் துருத்தி, ஜோடியாக. மேலே இழுத்துக் கட்டிய தோலின் நடுவில் ஒரு ஓட்டை. குதிகாலால் அதை அடைத்து மிதித்தால் காற்று குழாய் வழியாக உலைக்குப் போகும். காலை எடுத்ததும், வளைத்துக் கட்டிய மூங்கில் தோலை மேலே தூக்கிவிடும். இடது, வலது, இடது, வலது என்று மணிக்கணக்கில் மிதிக்க வேண்டும். நான் ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே மிதித்துப் பார்த்தேன். மறுநாள் மாடிப்படி ஏற முடியவில்லை.

உலையில் லோஹாசுர், கரியில் கொய்லாசுர், நெருப்பில் அக்யாசுர் என்று மூன்று அசுரர்கள் குடியிருப்பதாக நம்பிக்கை. சூரியனோடு அகாரியாக்களுக்குத் தீராத பகை. அவர்களுடைய ராஜா லோகுண்டியின் ஊர் லோஹ்ரிபூரை அழித்தது சூரியன்தான் என்பது அவர்கள் சொல்லும் கதை.

உருகுமா என்று கேட்டவர், அகாரியாக்கள் ஏன் உலையை விட்டார்கள் என்று கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். வெள்ளைக்காரன் காலத்தில் காட்டை அரசு எடுத்துக்கொண்டது, கரிக்கு மரம் வெட்டக் கெடுபிடி. உலைக்கும் வரி. சந்தையில் ஆலை இரும்பு மலிவு. ஒரு கட்டி இரும்புக்குக் கூடை கூடையாகக் கரி வேண்டும், என்ன செய்வார்கள்? பழைய இரும்பை வாங்கிக் கோடாலியும் அரிவாளும் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஆனால் பேய்க்குக் காவலாக வைக்க உலையிலிருந்து புதிதாக வந்த இரும்புதான் வேண்டும். அதற்குக் கன்னி இரும்பு என்று பெயர். பழைய இரும்புக் கடையில் அதற்கு எங்கே போவது?