சொட்டு நிற்கும் நேரம்

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தோழர்களே, எதிரணி அண்ணன்மார்களே, அக்காமார்களே, கோயில் மண்டபம் நிறைய உட்கார்ந்திருக்கும் சுங்கை சிப்புட் பெருமக்களே, வணக்கம்.

நிறைய வேலை முடிப்பவர் நேரம் அறிந்தவரா, நேரம் பாராமல் உழைப்பவரா? இதுதான் தலைப்பு. நான் நேரம் அறிந்தவர் கட்சி. எதிரணித் தலைவர் நேரம் பாராதவர் கட்சி. அதனால்தான் எட்டு நிமிடம் கொடுத்த இடத்தில் பன்னிரண்டு நிமிடம் பேசினார். என்ன ஒரு கொள்கைப் பிடிப்பு! சரி, பேசி முடித்தாரா? மூன்றாவது பாயிண்டிலேயே மணி அடித்து உட்கார வைத்தீர்கள்.

அவர் கேட்டார்: "நம் பாட்டன் பூட்டன் கடிகாரம் பார்த்தா காட்டைத் திருத்தினார்கள்? உடம்பு தேய உழைத்தார்கள்." நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். அந்த உழைப்பை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். ஆனால் அண்ணே, பால்மரக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், நேரம் பாராமல் உழைத்தால் பால் பிடிக்கும் மங்கில் என்ன இருக்கும்?

என் அம்மா பால்மரம் வெட்டியவர். முதல்நாள் சாயங்காலமே உளியைத் தீட்டி வைத்துவிடுவார். கல்லில் தண்ணீர் தெளித்து நாலு இழுப்பு, அப்புறம் கட்டைவிரல் நகத்தில் லேசாக வைத்துப் பார்ப்பார். வழுக்கினால் இன்னும் தீட்ட வேண்டும். பற்றினால் போதும். விடிகாலையில் நானூறு, ஐந்நூறு மரம் காத்திருக்கும்போது மொட்டை உளியோடு மல்லுக்கட்ட முடியுமா?

ஏன் இருட்டோடு போகிறார்கள்? விடியுமுன் பட்டைக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும், வெட்டினால் பால் தாராளமாக இறங்கும். வெயில் ஏற ஏற இலை வழியே நீர் ஆவியாகி, அழுத்தம் குறைந்து, பால் மந்தமாகிவிடும். பத்து மணிக்குப் போய் இரண்டு மடங்கு வேகமாக வெட்டினாலும் காலையில் விட்ட பால் வராது. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கூப்பிட்ட மணி துரையுடையது, அது அதிகாரம். அதை நான் புகழ வரவில்லை. பெரட்டு கலைந்து மர நிரைக்குள் போனபின் அம்மா பார்த்த நேரம் மரத்துடையது.

1982 ஜனவரி 1-ஆம் தேதி, கடலுக்கு அப்பால் இருக்கும் சபா, சரவாக் மாநிலங்களோடு ஒன்றாக இருக்கட்டும் என்று மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளினார்கள். தோட்டத் தொழிலாளர் லயத்தில் எல்லார் வீட்டுக் கடிகாரமும் நகர்ந்தது. மரம் நகரவில்லை.

பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். கடைசி மரம் வெட்டியதும் அம்மா தூக்கைத் திறந்து பசியாறுவார். பிறகு மரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். எனக்கு அவசரம். "போய்ப் பாலை எடுத்துட்டா சீக்கிரம் வீட்டுக்குப் போகலாமே?" என்பேன். கண்ணைத் திறக்காமலே சொல்வார்: "சொட்டு இன்னும் நிக்கலடா."

அண்ணே, அந்த இருபது நிமிடத்தை நீங்கள் சோம்பல் என்பீர்களா?

இரண்டாவதாகப் பேசிய அக்கா, "டைம்டேபிள் போட்டு வாழ்ந்தால் மனுஷன் மெஷின் ஆகிவிடுவான்" என்றார். அக்கா, அதை ஒத்துக்கொள்கிறேன். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரைநாள் உட்கார்ந்து, ஐந்து கலர் பேனாவில் டைம்டேபிள் போட்டு ஐஸ்பெட்டியில் ஒட்டினேன். செவ்வாய்க்கிழமைக்குள் அதன்மேல் மீன்குழம்பு. கட்டம் போடுவது வேறு, நேரம் அறிவது வேறு. நான் ஆசிரியர். மூளை தெளிவாக இருக்கும் காலை நேரத்தை வாட்ஸ்அப்புக்குக் கொடுத்துவிட்டு, கேள்வித்தாளை ராத்திரி பதினொரு மணிக்குத் தயாரித்த ஆள். மறுநாள் பார்த்தால் ஏழாவது கேள்வி இரண்டு இடத்தில் இருக்கும். பத்து மணிக்குப் பால் வெட்டிய கதைதான்!

இன்னொன்று. மூன்று வாரம் அவகாசம் கொடுத்தால் அந்தக் கேள்வித்தாள் மூன்று வாரம் எடுக்கிறது. மூன்று நாள் என்றால் மூன்று நாளில் முடிகிறது. இதை நமக்குப் பக்கத்திலிருந்தே ஒருவர் பார்த்துச் சொன்னார். மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த காலத்தில் அங்கே வரலாற்றுப் பேராசிரியராக இருந்த பார்க்கின்சன், 1955-இல் எழுதினார்: கொடுத்த நேரத்தை நிரப்பும் அளவுக்கு வேலை வீங்கும். 'நேரம் பாராமல்' என்று சொல்கிறீர்களே, அப்படியானால் வேலை எதுவரை வீங்கும்?

இப்போது ரப்பர் குறைந்து செம்பனை வந்துவிட்டது என்பீர்கள். வரட்டும். குலையை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு அனுப்பச் சொல்கிறார்களே, ஏன்? அடிபட்ட பழத்தில் அமிலம் ஏறிக்கொண்டே இருக்கும், எண்ணெயின் தரம் இறங்கும். நாள் முழுக்க வெட்டிக் குவித்தவர் பெரிய உழைப்பாளிதான். லோரி நாளை மறுநாள் வந்தால் அந்த உழைப்புக்கு என்ன விலை கிடைக்கும்?

நடுவர் அவர்களே, நீங்கள் மணியில் கை வைப்பது தெரிகிறது. வேண்டாம், எனக்கு இன்னும் ஒரு நிமிடம் பாக்கி இருக்கிறது. அதை எதிரணித் தலைவர் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். அப்போதும் அவர் மூன்று நிமிடம் கடன். வணக்கம்.